கதவு மூடியிருக்கிறது

காசிமாயன் அண்ணனின் வலது கையில் நான்கு விரல்கள் போனது நான் எழுதிய ஒரு வரியால். இதை இப்படிப் பச்சையாகச் சொல்ல எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. அந்த ஐந்து வாரமும் நான் சும்மா இருக்கவில்லை, நாய்போல அலைந்துகொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

என் பெயர் அனுசுயா. அப்பாவும் அம்மாவும் சாத்தூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். பனியன் கம்பெனியில் அப்பா கட்டிங்கிலும் அம்மா செக்கிங்கிலும் கால் கடுக்க நின்று என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். "எம்மக கம்ப்யூட்டருக்குள்ள வேல பாக்குறா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது ஒருவகையில் நிஜம். பனியன் துணி ஓடும் மிஷின்களில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதன் அடிமடியில் கெர்னல் என்று ஒன்று. எந்த நிரல் எந்த இடத்தைப் படிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வது அதுதான். அந்தக் கெர்னலில் எங்கள் பெட்டிக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்வது என் வேலை. கம்பெனியில் மொத்தம் ஆறு பேர். கெர்னல் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, முதலாளி மகுடேஸ்வரன் போன் செய்தார். கணியூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம், இவர் காலத்தில்தான் மிஷின் பக்கம் வந்தது. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"கந்தப்பண்ணன் யூனிட்ல நேத்து ஒரு ஆக்சிடென்ட் ஆயிப்போச்சுங்க கண்ணு. காம்பேக்டிங் மிஷின்ல கை மாட்டிக்கிச்சு. லேப்டாப்ப எடுத்துட்டு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க. நம்ம கார்டுல கோளாறு இல்லைன்னு பாத்துச் சொல்லிட்டாப் போதுங்க."

சாயம் ஏறிக் காய்ந்து வரும் துணியை, துவைத்தால் சுருங்கக்கூடாது என்று சூடான இரண்டு ரோலர்களுக்கு நடுவே விட்டு அழுத்தி எடுப்பார்கள். அதுதான் காம்பேக்டிங். ரோலருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கதவு உண்டு. துணியில் மடிப்பு விழுந்தால் ஆபரேட்டர் கதவைத் திறந்து கையால் நீவி விடுவார். கதவு திறந்த அந்த நொடியே மிஷின் நிற்க வேண்டும். நிறுத்துவது எங்கள் பெட்டி.

நான் போனபோது தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தார்கள். ரோலர் ஓடவில்லை, ஆனால் நீராவியைத் திறந்தே வைத்திருந்ததால் மிஷின் அருகே அனல் அடித்தது. சூடு இறங்கிவிட்டால் மறுபடி ஏற முக்கால் மணி நேரம் ஆகும். அதற்காகத் திருப்பூரில் யாரும் இந்த மிஷினின் மெயினை அணைக்க மாட்டார்கள். கை போன பிறகும் அணைக்கவில்லை.

எலக்ட்ரீசியன் சிவபிரகாஷ் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். விபத்து நடந்த உடனே எடுத்தது. எங்கள் பெட்டியின் திரையில் பச்சை எழுத்தில், "கதவு மூடியிருக்கிறது." படத்தின் ஓரத்தில் கதவு அகலத் திறந்து கிடந்தது.

"காந்தம் வெச்சிருக்கறானுங்க அக்கா. இந்தாங்க, மிஷின் காலடியில கெடந்துது."

பழைய ஸ்பீக்கரில் இருந்து பிரித்தெடுத்த வட்டக் காந்தம். எல்லா யூனிட்டிலும் இருக்கிற திருட்டுத்தனம்தான். கதவில் இருக்கும் சென்சார் காந்தத்தைப் பார்த்து, கதவு மூடியிருப்பதாக நினைக்கும். சென்சார்மேல் வேறொரு காந்தத்தை ஒட்டிவிட்டால் கதவைத் திறந்து போட்டுக்கொண்டே மிஷினை ஓட்டலாம். மடிப்பு விழும்போதெல்லாம் நின்று நின்று ஓட வேண்டியதில்லை. ஆகவே யூனிட் முதலாளி கந்தப்பனும் சிவபிரகாஷும் மற்ற ஆபரேட்டர்களும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள், காசிமாயன் காந்தம் வைத்தான், கையை விட்டான் என்று.

"அவரு காந்தம் வைக்கற ஆளாங்க?" என்று கேட்டேன்.

சிவபிரகாஷ் காந்தத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "இதுவரைக்கும் நான் பாத்ததில்லீங்க. லாட் நம்பர் எழுதுன சீட்டு பறக்காம இருக்கத்தான் காந்தத்த மிஷின்மேல ஒட்டி வெப்பாரு. ஆனா வேற எப்படிங்க அக்கா நடக்கும்?"

அவர் கந்தப்பனைக் கூப்பிடப் போனார். நான் லேப்டாப்பைச் சொருகிப் பெட்டியின் பதிவைத் திறந்தேன். விபத்துக்கு மூன்று மணி நேரம் முந்தைய நேரத்தில் ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் நான் எழுதியது. தமிழில் சொன்னால், "எச்சரிக்கை: எதிர்பாராத மேப்பிங். விட்டுவிட்டுத் தொடர்கிறது."

எழுந்து போய், ஓடாமல் நின்ற மிஷினின் கதவை மெதுவாகத் திறந்தேன். திறந்த கதவைக் கையில் பிடித்துக்கொண்டே திரையைத் திரும்பிப் பார்த்தேன். "கதவு மூடியிருக்கிறது" என்றது. சென்சார்மேல் எந்தக் காந்தமும் இல்லை. மூடினேன், மறுபடி திறந்தேன். மூடியிருக்கிறது என்றது. பல்லைக் காட்டிக்கொண்டு பொய் சொல்லும் பிள்ளையைப் போல அந்தப் பச்சை எழுத்து அசையாமல் நின்றது, பெற்றவள் நான்.

என்ன நடந்தது என்பது அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது; மிஷின் ஓட்டத்தில் கார்டை மாற்றினால்தான் அந்த வரி வரும். விபத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு, கதவு சென்சார் சொல்வதைப் பெட்டிக்குக் கொண்டுவரும் சென்சார் கார்டு கெட்டிருக்கிறது. சிவபிரகாஷ் வழக்கம்போல மெயினை அணைக்காமலே பழைய கார்டைப் பிடுங்கி, சும்மா கிடந்த இன்னொரு மிஷினின் கார்டைச் சொருகியிருக்கிறார். எங்கள் கையேட்டில் மெயினை அணைத்துவிட்டு மாற்றவும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். கையேடு பிரிக்காத பாலித்தீன் உறையோடு அலமாரியில் இருக்கும்.

ஒரு லைன் வீட்டு வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நம்பர் வீட்டில் குடியிருப்பவர் தினமும் ஒரு சீட்டு எழுதிக் கதவில் செருகுவார். பெட்டியின் இடத்தில் நான் இருந்தால், போய் அதைப் படித்து, அதன்படி மிஷினை ஓட்டுவேன் அல்லது நிறுத்துவேன். ஒருநாள் அவர் காலி செய்துவிட்டு, புதியவர் ஏழாம் நம்பருக்கு வருகிறார். இனி ஏழில் படி என்று எனக்குச் சொல்ல வேண்டியது கெர்னல். எந்த வீட்டில் படிப்பது என்ற அந்தக் குறிப்புக்குத்தான் மேப்பிங் என்று பெயர். கார்டை ஓட்டத்தில் மாற்றியதால், புதுக் குறிப்பை எழுத வந்த கெர்னல், பழைய குறிப்பு அழியாமல் அங்கேயே இருப்பதைப் பார்த்தது. இருக்கக்கூடாத ஒன்று.

இப்படி ஒன்றைப் பார்த்தால் முதலில் எங்கள் கெர்னல் மொத்தமாக நின்றுவிடும். ரோலர் நீண்ட நேரம் நின்றால் உள்ளே இருக்கும் துணி கருகும். யூனிட்காரர்கள் போன்மேல் போன் போட்டார்கள். போன வருஷம் ஏப்ரலில் மகுடேஸ்வரன் என் மேஜைக்கு வந்து, "நிக்காம இருக்கறதுக்கு ஏதாச்சும் பண்ண முடியுங்களா கண்ணு" என்றார். சரியான வழி எனக்குத் தெரியும். மொத்தமும் நிற்க வேண்டாம். பழைய குறிப்பை நம்பாமல், புதியதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், கதவு விஷயத்தில் மட்டும் "தெரியவில்லை" என்று சொல்லிக் கதவு திறந்திருப்பதாகவே வைத்துக்கொண்டு, ரோலரை மெல்ல இறக்கி நிறுத்த வேண்டும். எழுதிச் சோதிக்க இரண்டு வாரம் ஆகும். அது ஏற்றுமதி சீசன். ஒரு வரியில் வேலை முடித்தேன். பழைய குறிப்பு இருந்தால் எச்சரிக்கை எழுதிவிட்டு அப்படியே போ. பக்கத்தில், "பிறகு ஒழுங்காகச் செய்ய வேண்டும்" என்று எனக்கே ஒரு குறிப்பும் போட்டேன். பதினான்கு மாதம் அது அங்கேயே இருந்தது.

ஆக, புதுக் கார்டு ஏழாம் வீட்டில் "கதவு திறந்திருக்கிறது" என்று எழுதிக் கத்திக்கொண்டிருக்க, நான்காம் வீட்டில் எப்போதோ செருகிய "மூடியிருக்கிறது" என்ற பழைய சீட்டையே பெட்டி மூன்று மணி நேரம் படித்திருக்கிறது. கார்டு மாற்றிய பிறகு முதல் தடவையாகக் காசிமாயன் கதவைத் திறந்தார். நிற்கும் என்று நம்பித் திறந்தார்.

கந்தப்பன் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் மெயினை அணைத்தேன்.

ஏன் அணைத்தேன் என்று ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாயிற்று. இன்னொரு ஆள் வந்து கை வைத்துவிடக்கூடாது என்று அணைத்தேன். அணைத்துப் போட்டால் பழைய குறிப்பு அழிந்துவிடும், நான் பார்த்ததை வேறு யாரும் பார்க்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டும் ஒரே கையில்தான் இருந்தன. எது எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை.

"ஏனுங்க அம்மிணி, மெயின எதுக்குங்க ஆஃப் பண்ணுனீங்க?" கந்தப்பனுக்கு அறுபது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் நின்ற முகம்.

"ரீஸ்டார்ட் பண்ணித்தாங்க பாக்கணும்."

பெட்டி எழுந்ததும் அவரே போய்க் கதவைத் திறந்தார். "கதவு திறந்திருக்கிறது" என்று சிவப்பில் வந்தது. மூடினார், பச்சை. "கார்டு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். அதில் சந்தோஷம் இல்லை, ஆயாசம்தான் இருந்தது.

"கார்டுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க" என்றேன். சென்சார் கார்டில் கோளாறு இல்லைதான். அதையே காகிதத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு பொய்யும் இல்லாத காகிதம் அது.

ஆபீசுக்கு வந்து மகுடேஸ்வரனிடம் முழுவதையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாந்தானுங்க நிக்காம பண்ணச் சொன்னது. உங்க தலையில மட்டும் போட மாட்டேன். ஆனா ஒண்ணு யோசிங்க. இந்தப் பொட்டி முன்னூத்து நாப்பது மிஷின்ல ஓடுது. இன்னைக்கு வெளிய சொன்னா நாளைக்கே பொட்டியப் புடுங்கிப்போட்டு, கதவு ஒயரை டைரக்ட்டாக் குடுத்து ஓட்டுவாங்க. அப்புறம் கதவே இல்லாத மாதிரித்தானுங்க. எத்தனை கை போகும்? மொதல்ல எல்லாத்துலயும் சரி பண்ணிப்போடுங்க. கடைசி மிஷின் முடிஞ்ச அன்னைக்கு நானும் கூட வர்றேன். ரெண்டு பேருமாப் போயிச் சொல்லிப்போடலாம்."

அவர் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. அதுதான் கொடுமை. சரி என்று தலையை ஆட்டினேன், ஆட்டியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காசிமாயனுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், பதினெட்டு வருஷமாகத் திருப்பூரில் இதே வேலை. கை ஒரு தலையணை அளவு கட்டுக்குள் இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி மருதம்மாள், ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர். பெட்டி செய்த கம்பெனியில் இருந்து வருகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படிச்ச புள்ள நீ சொல்லுத்தா. இவரு காந்தம் வைக்கல. பதினெட்டு வருசத்துல ஒருநா வச்சதில்ல. மத்தவுக வச்சாக்கூட திட்டுவாரு. இப்ப அம்புட்டுப் பேரும் இவரு தலையில கட்டுறாக."

காசிமாயன் கூரையைப் பார்த்தபடி பேசினார். "வெரலு போனாப் போகுது தாயி. கவனமில்லாம திருட்டு வேல பாத்துக் கையக் குடுத்துட்டான்னு பேராயிருச்சு, அதுதான் தாங்க முடியல. நாளைக்கு எம்பிள்ளைக காதுல விழும்ல. நான் கதவத் தொறந்தேன். மிஷினு நிக்கல. இம்புட்டுத்தான் நடந்துச்சு. இதை நம்ப ஒரு ஆள் வேணும்."

ஒரு ஆள் அவர் எதிரில்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வாயெடுத்தேன். முன்னூற்று நாற்பது மிஷின் என்று நினைத்துக்கொண்டேன்.

"விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்ண்ணே" என்றேன். மருதம்மாள் என் கையை விடாமல், "நீ நல்லாருப்ப" என்றார்.

அதன்பிறகு தூக்கம் என்று ஒன்று இல்லை. கெர்னலை ஒழுங்காக எழுத ஒன்பது நாள் ஆனது. கார்டை ஓட்டத்தில் நூறு தடவை பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிச் சோதித்தேன். பழைய குறிப்பைக் கண்டால் அதை நம்பாமல், கதவு திறந்திருப்பதாக எடுத்துக்கொண்டு, ரோலரைப் பதமாக நிறுத்தியது. துணிகூடக் கருகவில்லை. பதினான்கு மாதத்துக்கு முன் இதைச் செய்ய இரண்டு வாரம் இல்லை என்று சொன்ன என் வாயில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிறகு அவிநாசி, பெருமாநல்லூர், பல்லடம், மங்கலம் ரோடு என்று பஸ்ஸிலும் ஸ்கூட்டியிலும் யூனிட் யூனிட்டாகப் போய் ஏற்றினேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் அப்டேட் என்றேன். அந்த வார்த்தைக்கு மேல் யாரும் கேட்பதில்லை.

கந்தப்பனின் மிஷினைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அங்கே போகப் பயம். அது ஒன்று. இன்னொன்று, அங்கே வைத்துத்தான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அதுவரை அந்த மிஷினில் மெயினை அணைக்காமல் கார்டு மாற்றக்கூடாது என்று சிவபிரகாஷிடம் மூன்று முறை போன் செய்து சொல்லியிருந்தேன். ஜூலை கடைசியில் ஒரு வியாழக்கிழமை. காசிமாயன் வீட்டுக்கு வந்து பத்து நாளாகியிருந்தது. மருதம்மாளுக்குப் போன் செய்து பதினொரு மணிக்கு இருவரும் யூனிட்டுக்கு வரச் சொன்னேன். "நல்ல சேதியாத்தா?" என்று கேட்டார். "ஆமாக்கா" என்றேன். மகுடேஸ்வரனும் பதினொன்றுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

பத்தரைக்கு அப்டேட் முடிந்தது. முன்னூற்று நாற்பதாவது பெட்டி. கை கழுவ பின்பக்கம் போனேன். கழுவிவிட்டு அங்கேயே நின்று, சொல்ல வேண்டியதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது மிஷினைச் சுற்றிக் கூட்டம். காசிமாயனும் மருதம்மாளும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். காசிமாயன் கந்தப்பனிடம் கேட்டிருக்கிறார், ஒரே ஒரு தடவை மிஷினை ஓட்டிக் கதவைத் திறந்து காட்ட விடுங்கள் என்று. கந்தப்பன் மறுக்கவில்லை. "பாத்துக்க காசி, உன்ற திருப்திக்குப் பாத்துக்க" என்றிருக்கிறார். மிஷின்மேல் இருந்த காந்தங்களையெல்லாம் காசிமாயனே இடது கையால் எடுத்து சிவபிரகாஷிடம் கொடுத்திருக்கிறார். தான் சொன்னதைக் காந்தமே இல்லாமல் எல்லோருக்கும் நிரூபிக்க வந்திருந்தார்.

நான் முன்னால் போவதற்குள் ரோலர் ஓடியது. காசிமாயன் இடது கையால் கதவைத் திறந்தார். மிஷின் நின்றது.

மூடி, மறுபடி ஓட்டச் சொன்னார். திறந்தார். நின்றது. மூன்றாவது தடவை கொஞ்சமாகத் திறந்தார், நான்காவது தடவை வெடுக்கென்று. ஒவ்வொரு தடவையும் என் கெர்னல், என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சுத்தமான வேலை, சொன்ன நொடியில் மிஷினை நிறுத்தியது. மருதம்மாள், "இன்னொருவாட்டித் தொறங்க, இன்னொருவாட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஏழாவது தடவைக்குப் பிறகு காசிமாயன் கையைக் கீழே விட்டார்.

"நிக்குது" என்றார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மனதுக்குள் அடுக்கி வைத்ததெல்லாம் குலைந்துபோய், முன்னுக்குப் பின்னாக, லைன் வீடும் கார்டும் ஏப்ரலும் கலந்து சொன்னேன். இப்போது நிற்பது நான் அரைமணி நேரத்துக்கு முன் சரி செய்ததால். அன்றைக்கு நின்றிருக்காது. அண்ணன் காந்தம் வைக்கவில்லை. தப்பு என்னுடையது.

கந்தப்பன் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான். ஆபீஸ் அறைக்குள் போய் ஒரு காகிதத்தோடு வந்தார். "அம்மிணி, நீங்கதானுங்க கோளாறு இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. அன்னைக்கும் நான் தொறந்து பாத்தேன், சரியாத்தானுங்க காட்டுச்சு. அதுக்கு முன்னாடி நீங்க அப்டேட் ஒண்ணும் பண்ணலீங்களே."

அன்றைக்கு மெயினை அணைத்துப் பழைய குறிப்பை அழித்ததும் நான்தான் என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். சிவபிரகாஷ் குனிந்து படித்தார். படிக்கும்போதே அவர் முகம் மாறியது. கார்டை மாற்றியது அவர் கை. "இது வார்னிங்குதானுங்க அக்கா" என்றார் மெதுவாக. "எரர்னு வரலியே. இந்த மாதிரி வார்னிங் தெனம் பத்து வருமுங்க." எரர் என்று போடாமல் வார்னிங் என்று போட்டதும் நான்தான். எரர் என்று வந்தால் பார்ப்பவர்கள் பதறுவார்களே என்று.

"பழைய கெர்னலை ஏத்தி, கார்டை மாத்திக் காட்டுறேங்க. இப்பவே. கதவைத் தொறந்தாலும் ஓடும், நீங்களே பாருங்க."

"வேணாம் தாயி." சொன்னது காசிமாயன். "நிக்கிற மிஷின நீ எதையோ ஏத்தி ஓட வைக்கிறேங்குற. அந்தப் பொட்டி உன் பேச்சக் கேக்குறது. நீ ஓடச் சொன்னா ஓடத்தான் செய்யும். அதை வச்சு நான் என்னத்தக் கண்டுக்கிறது?"

"அண்ணே, நெசமாச் சொல்றேன். ஆஸ்பத்திரியில நீங்க சொன்னதுதான் நெசம்."

"பாவப்பட்டுச் சொல்ற." அவர் குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. "ரெண்டு மூணு நாளாவே எனக்குச் சந்தேகந்தான். அம்புட்டுப் பேரும் ஒண்ணு சொல்லும்போது நான் ஒருத்தன் வேற சொல்றேனேன்னு. அன்னைக்கு அந்நேரந்தான் மடிப்பு மேல மடிப்பா விழ ஆரம்பிச்சுச்சு. லாட் சீட்ட எடுத்தேன். சீட்டோட காந்தமும் கையில வந்துச்சு. அதை எங்கிட்டு வச்சேன்னு நெனப்பில்ல. அங்கதான் வச்சிருப்பேன். இப்ப நெனச்சுப் பாக்கயில வச்ச மாதிரித்தான் இருக்கு." சென்சார் இருக்கும் இடத்தை இடது கையால் தொட்டுக் காட்டினார். "இங்க. இப்படி."

"இல்லண்ணே."

"இன்னொண்ணு சொல்றேன், கேளு. கை ஆறுனதும் மொதலாளி மறுபடி இதே மிஷினுக்கு வரச் சொல்லியிருக்காரு. எனக்கு வேற தொழில் தெரியாது. நான் காந்தம் வச்சதாலதான் இப்படி ஆச்சுன்னா, இனிமே வைக்காம இருந்துக்கிருவேன். நான் வைக்காமலே ஆச்சுன்னா, நாளைக்கு எதை நம்பி இதுக்கு முன்னாடி நிப்பேன்?"

நான் எழுதிய கெர்னலை நம்பி நில்லுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அப்போதுதான் மகுடேஸ்வரன் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

மருதம்மாள் என்னை வெளியே, வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். சைக்கிள்களும் டூவீலர்களும் நிறுத்தியிருந்த இடம்.

"நீ சொன்னது நெசமாத்தா?"

"நெசம்க்கா."

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த அஞ்சு வாரமா கம்பெனில, தெருவுல, அவரு தம்பிகிட்ட, எங்க அண்ணங்கிட்ட, அம்புட்டுப் பேருகிட்டயும் சண்ட போட்டிருக்கேன். எம்புருசன் வைக்கலன்னு. இனி அவரே வச்சேன்னு சொல்லப் போறாரு. நான் வீட்டுல உக்காந்து என்ன சொல்லட்டும்? நீங்க பொய் சொல்றீகன்னு அவருகிட்டச் சண்ட போடவா?"

"மறுபடி வந்து சொல்றேன்க்கா. பொறுமையா எடுத்துச் சொன்னா—"

"வராத." கோபமாகச் சொல்லவில்லை. "நேத்து ராத்திரிதான் மாத்திர போடாமத் தூங்குனாரு. அன்னைக்கு வந்தப்பச் சொல்லியிருந்தா உன்னக் கும்புட்டிருப்பாரு. இப்ப உன் நெசத்த வச்சுக்கிட்டு அந்த மனுசன் என்ன செய்வாரு?"

காசிமாயன் வெளியே வந்தார். சட்டைப் பையில் அந்த வட்டக் காந்தம் இருந்தது, துணி அங்கே இழுத்துக்கொண்டு தொங்கியது. கந்தப்பனிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். போகிற வழியில் நொய்யல் ஆற்றில் எறிந்துவிட்டுப் போகப்போவதாக மனைவியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் கண்ணீரைத் தவறாகப் புரிந்துகொண்டார், அல்லது அவருக்குத் தெரிந்த விதத்தில் சரியாகவே புரிந்துகொண்டார்.

"விசனப்படாத தாயி. உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. நீ செஞ்ச பொட்டி நல்லாத்தான் நிக்குது."

கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கி விடைகொடுத்துவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். மருதம்மாள் நாலடி பின்னால் போனார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

லேப்டாப் உள்ளேயே கிடந்தது. எடுக்கப் போனேன். சிவபிரகாஷ் மிஷினை ஓட்டிவிட்டிருந்தார். நீல நிறத் துணி ரோலருக்குள் போய்க்கொண்டிருந்தது. திரையில் பச்சை எழுத்தில், "கதவு மூடியிருக்கிறது" என்றிருந்தது. நான் அருகே போய்க் கதவைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.